மாப்பிள்ளையாக வந்த கீர்த்தனை

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் ஊர் பட்டினச்சேரி. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காக இந்தக் கடற்கரைக்கு வருவார். கோயிலில் அவர் பெருமாள். இங்கே அவர் மாப்பிள்ளை! மீனவர் குலப் பெண்ணை அவர் மணந்தார் என்பது கதை. 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுத்தான் வரவேற்பார்கள். அதனால் சாமி கெட்டுப்போய்விட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

பாட்டு இடம் மாறினால் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

சுசீலா ராமனின் முதல் ஆல்பத்தைக் கேட்கும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்கள். இவர் பிறந்தது 1973-இல், லண்டனில். சிறு வயதிலேயே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. அங்கே கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டார். பதின்ம வயதில் ராக் பக்கம் போய்விட்டார், சொந்தமாக ஒரு குழுவும் வைத்திருந்தார். தொண்ணூறுகளில் இந்தியா வந்து இந்துஸ்தானி பயின்றார். பிறகு இங்கிலாந்து திரும்பி, கிதார் கலைஞர் சாம் மில்ஸோடு சேர்ந்து உருவாக்கியதுதான் 'சால்ட் ரெய்ன்' (2001). உப்பு மழை என்று பொருள். அந்த ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பிடித்தது.

ஆல்பத்தில் என்ன இருக்கிறது? அவர்களே எழுதிய பாடல்கள் இருக்கின்றன. டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்' இருக்கிறது. அவற்றுக்கு நடுவே தியாகராஜரின் 'நகுமோமு' போன்ற கீர்த்தனைகளும் இருக்கின்றன. கிதார், தபலா, ஆப்பிரிக்கத் தாள வாத்தியங்கள், நடுவில் கனமான, கொஞ்சம் கரகரத்த அந்தக் குரல். வயலினும் மிருதங்கமும் வைத்துக் கச்சேரி செய்யும் அமைப்பு இதில் இல்லை.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது குறையாகத்தான் படும். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று ராகம் விரிவதற்கு இங்கே இடமில்லை. நாலைந்து நிமிடங்களில் பாட்டு முடிந்துவிடும். இழப்பு உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 'வெளிநாட்டுக் கலப்பு' என்ற குற்றச்சாட்டு மட்டும் நிற்காது. இன்று கர்நாடக இசையின் அடையாளமாக இருக்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதை நம் இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர். ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதி 'நோட்டுஸ்வரம்' தந்தவர் முத்துசாமி தீட்சிதரே. மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூர் காரைக்காலிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை. கலப்பும் இந்த மண்ணின் சம்பிரதாயம்தான்!

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தியாகராஜர் திருவையாற்றுத் தெருக்களில் உஞ்சவிருத்தி எடுத்துப் பாடியபோது சபா ஏது, மைக் ஏது? அவருக்கும் முன்னால் காரைக்கால் அம்மையார். தானே எழுதித் தானே பாடியவர். அவருடைய பதிகங்களுக்குத்தான் 'மூத்த திருப்பதிகம்' என்று பெயர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு ஜோடித் தாளம், அவ்வளவுதான். ஒரு குரலும் கூட ஒரு சின்னக் கருவியும் பாட்டுக்குப் போதும் என்பது காரைக்காலுக்குப் புதிய செய்தி இல்லை.

சிட்னியில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குத் தஞ்சாவூர் நிலமும் கிடையாது, வீடும் கிடையாது. பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடிந்தது பாட்டு ஒன்றுதான். அதைப் பூட்டி வைத்துப் பாதுகாப்பதா, தனக்குத் தெரிந்த மற்றப் பாட்டுகளோடு சேர்த்துப் புழங்குவதா? சுசீலா புழங்கினார். அதனால் பாட்டு அவரை விட்டும் போகவில்லை. 2011-இல் வந்த 'வேல்' ஆல்பத்தில் முருகனைத் தமிழிலேயே பாடினார்.

திருக்கண்ணபுரத்தில் ஒரு மரியாதை, பட்டினச்சேரிக் கரையில் ஓர் உறவு. மரியாதை தெரிந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'நகுமோமு'வை உறவு சொல்லிக் கூப்பிட ஒருத்தி வந்தால், ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன்.