ஒற்றியூர்ப் பாறையில் ஒரு நூம்பல் தக்கை

நான் நூம்பலில் குடியிருக்கிறேன் என்று சொன்னால், "அது எந்த ஜில்லாவில் இருக்கிறது?" என்று சென்னைவாசிகளே கேட்கிறார்கள். நேயர்களே, நீங்களும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டி இருக்கிறது நூம்பல். திருவேற்காட்டுக் கருமாரியம்மனைத் தரிசிக்கப் போகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் போகிறார்கள். ஆனால் யாரும் எங்கள் ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தத் திருவேற்காடு மூர்க்க நாயனார் பிறந்த ஊர். அறுபத்து மூவரில் அவர் ஒரு விசித்திரமான நாயனார். சூதாடி ஜயித்த பணத்தைக் கொண்டு அடியார்களுக்கு அன்னம் படைத்தவர். கையில் வந்ததை அப்படியே பிறர் இலையில் போட்டுவிடுகிற அந்த சுபாவம் பக்கத்து ஊரான நூம்பலுக்கும் கொஞ்சம் தொற்றியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் கூவம் ஓடுகிறது. "கூவமா!" என்று மூக்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். திருவள்ளூர்ப் பக்கம் கூவம் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் என்ற ஸ்தலம் அதுதான். அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டுதான் இந்த நதி பட்டணத்துக்கு வருகிறது. கொடைவள்ளல் பச்சையப்ப முதலியார் இதில் ஸ்நானம் செய்துவிட்டுக் கோமளீசுவரரை வணங்கப் போவார் என்று சொல்வார்கள். இன்று அந்தத் துறையில் கால் அலம்பக்கூட நமக்குத் துணிச்சல் வராது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் யந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் இதே கூவத்தில் கெண்டையும் விராலும் பிடித்ததாகச் சொல்கிறார். இப்போது தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் கடலுக்குப் போகிறார். "ஆறு வீட்டு வாசல்ல ஓடுது. மீனுக்கு மட்டும் ஒற்றியூருக்குப் போக வேண்டியிருக்கு, பாருங்கம்மா!" என்பார், சிரித்துக்கொண்டே.

எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் ஒரு தாயும் பன்னிரண்டு வயதுப் பையனும் இருக்கிறார்கள். பையனின் தகப்பனார் இரண்டு வருஷங்களுக்கு முன் தவறிவிட்டார். ஏரிகளில் தூண்டில் போடுவதில் அவருக்குப் பைத்தியம் என்றே சொல்லலாம். "பெரியவனானதும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று பையனிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் போன பிறகு பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பள்ளிக்கூடம் போவான், வருவான். கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டுவான். அவ்வளவுதான்.

மாசி மாதத்தில் ஒரு நாள் பெரியவர் தாமாகவே வந்து, "இந்த ஞாயிற்றுக்கிழமை பையனை நான் அழைச்சுக்கிட்டுப் போறேன்" என்றார். தாயார் பயந்தாள். கடல், பாறை, ஒரே பிள்ளை! அவளுக்கோ அன்று தொழிற்சாலையில் வேலை. கடைசியில், "அக்கா, நீங்களும் கூடப் போனால் அனுப்புகிறேன்" என்று என் தலையில் கட்டிவிட்டாள். எனக்குத் தூண்டிலைப் பற்றி என்ன தெரியும்? மீன்காரம்மாவிடம் பேரம் பேசுவதோடு என் மீன் ஞானம் முடிந்துவிடும்.

விடியற்காலையில் வேலப்பன்சாவடியில் பஸ் ஏறிக் கோயம்பேட்டில் இறங்கினோம். அங்கிருந்து மெட்ரோ ரயில். சென்ட்ரலில் வண்டி மாறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவர் வீதியில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திரும்பி வரப்போ உள்ளே போகலாம். இப்ப போனா ஏத்தம் போயிடும்" என்றார். ஏற்றம் என்றால் கடல் மட்டம் உயரும் நேரம். சென்னைக் கரையில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் தண்ணீர் ஏறும்போதுதான் மீன்கள் இரை தேடிப் பாறை ஓரத்துக்கு வருமாம்.

பட்டினத்தார் சமாதியைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தோம். மெரினாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கரை அதிர்ச்சியாக இருக்கும். மணலுக்குப் பதில் கருங்கல். யானைக் குட்டிகள் படுத்திருப்பது போல வரிசை வரிசையாகப் பாறைகள்! இதற்கு ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். 1881-ம் வருஷப் புயல் அதை இடித்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். நம் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல், கடல் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையைக் கடித்துத் தின்றது. தெற்கே நாம் சுண்டல் சாப்பிட உட்காரும் மணலுக்கு வடக்கே எத்தனையோ குப்பத்து வீடுகள் விலை கொடுத்திருக்கின்றன. அந்த அரிப்பைத் தடுக்கத்தான் இந்தக் கல். கடலுக்குள் நீண்டு போகும் கல் அணைகளுக்குத் தமிழில் யாரோ அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: தூண்டில் வளைவு!

அந்தத் தூண்டில் வளைவின் மேல் தூண்டில்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ரீல் வைத்த நாகரிக ராடு சிலரிடம். மூங்கில் கழி சிலரிடம். பெரியவர் உடனே தூண்டிலை எடுக்கவில்லை. எங்களை உட்கார வைத்துப் பத்து நிமிஷம் அலையைப் பார்க்கச் சொன்னார். எந்தக் கல் நனைகிறது, எது காய்ந்தே இருக்கிறது என்று கவனித்த பிறகுதான் இடம் பிடிக்க வேண்டும். பச்சைப் பாசி படிந்த கல்லில் கால் வைக்கக் கூடாது. கடலுக்கு முதுகைக் காட்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. குழந்தைகளோடு போகும் சகோதரிகள் இவற்றை முந்தானையில் முடிந்துகொள்வது நல்லது.

பிறகு பையன் தன் பையைத் திறந்தான். உள்ளே ஒரு துணி முடிச்சு. அதற்குள் ஒரு தக்கை.

அங்கே மற்றவர்கள் வைத்திருந்த தக்கைகளைப் பார்த்தேன். பிய்ந்த ரப்பர் செருப்பை அறுத்துச் செய்தது, தெர்மாகோல் துண்டு, கடையில் விற்கும் பிளாஸ்டிக் குமிழ். பையனுடையது மயிலிறகுத் தண்டு. சீராக நறுக்கி, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்து, நூலால் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. தண்ணீரில் தெரிவதற்காக உச்சியில் சிவப்புச் சாயம். உற்றுப் பார்த்தேன். சாயமாவது! அது நகப்பூச்சு. "அம்மாவோடது" என்றான் பையன். அன்று காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது.

தக்கையின் வேலையை நான் அன்றுதான் புரிந்துகொண்டேன். மீன் கடிப்பதைக் காட்டுவது மட்டுமல்ல அதன் உத்தியோகம். அடியிலே கல் இடுக்குகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. முள் அடியில் போனால் சிக்கிக்கொள்ளும். தக்கைதான் முள்ளைப் பாறைக்கு மேலே, மீன் உலாவும் ஆழத்தில் தொங்க விடுகிறது. ஈயக்குண்டு அதிகமானால் தக்கை முழுகிவிடும், குறைந்தால் படுத்துவிடும். பாதி முழுகிப் பாதி நிற்க வேண்டும். குடித்தனம் நடத்துகிற கணக்குத்தான், போங்கள்!

"நரம்பு பழசாயிருக்கு, கண்ணு. வெயில்ல கிடந்தா நரம்பு இத்துப் போயிடும். மாத்திடலாமா?" என்று கேட்டார் பெரியவர். பையன் தலையை அசைத்து மறுத்துவிட்டான். அது அப்பா போட்ட முடிச்சு. பெரியவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இறாலை ஓடு நீக்கி, சிறு துண்டாக நறுக்கி முள்ளில் செருகிக் கொடுத்தார்.

முதல் ஒரு மணி நேரம் கீச்சான் மீன்களாக வந்தன. தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் உண்மையாகவே கீச்சென்று சத்தம் போடுகின்றன! பையன் இரண்டு பிடித்தான். எழுந்து நின்று எட்டிப் பார்த்தான். பக்கத்தில் கைலி கட்டிய ஒரு முரட்டு மனிதர், "டேய், குந்து! உன் நிழல் தண்ணியில விழுது. மீன் ஓடிடும்" என்று அதட்டினார். எனக்குக் கோபம் வந்தது. குழந்தையை இப்படியா விரட்டுவது?

இதற்குள் ஒரு வாலிபனின் கையில் கெளுத்தி முள் குத்திவிட்டது. அந்த மீனின் முதுகிலும் இரு பக்கச் செட்டைகளிலும் விஷ முள் உண்டு. வலி உயிர் போகும். அதட்டிய அதே மனிதர்தான் அவனைத் தோளில் சாய்த்துக் கரைக்கு நடத்திப் போனார். சாலை ஓரத்து டீக்கடை அம்மாள் என்ன ஏது என்று கேட்கவில்லை. கெளுத்தி என்றதும் ஒரு செம்பில் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். பொறுக்கக்கூடிய சூட்டில் கையை அமிழ்த்தி வைத்தால் அந்த வலி தணிகிறது. முள் முறிந்து உள்ளே நின்றுவிட்டால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். டீக்குக் காசு வாங்கிய அம்மாள் வெந்நீருக்கு வாங்கவில்லை.

ஏற்றம் உச்சிக்கு வந்த வேளை. "பாறை வந்திருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். பாறையின் மேல் உட்கார்ந்திருப்பவர்களிடம் பாறை வந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று விழித்தேன். அது மீனின் பெயர்! அகலமாய், வெள்ளித் தட்டுப் போல மின்னும். கூட்டமாக வரும், வந்த வேகத்தில் போய்விடும். எல்லோரும் அவசரமாக இரை மாட்டினார்கள்.

பையனின் தக்கை ஒரு முறை நடுங்கியது, மறைந்தது. அவன் கழியைத் தூக்கினான். கழி வளைந்தது. பட்டென்று ஒரு சத்தம்! பழைய நரம்பு கழி முனையிலேயே அறுந்துவிட்டது. முள்ளோடும் நரம்போடும் மயிலிறகுத் தக்கையையும் இழுத்துக்கொண்டு மீன் ஓடியது. சிவப்பு உச்சி பத்தடி தள்ளி எழும்பிற்று; மறுபடியும் அமிழ்ந்தது.

பையன் அழவில்லை. கத்தவும் இல்லை. கடலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். பெரியவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "அவன் அப்பன் செஞ்ச தக்கைய்யா அது!" என்று பொதுவாகக் குரல் கொடுத்தார்.

நேயர்களே, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கைலி மனிதர், "நரம்பைச் சுத்துங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும் தண்ணீரிலிருந்து நரம்பைச் சுருட்டினார்கள். ஒருவர் வீசும் நரம்பு மற்றவர் நரம்பில் சிக்கக் கூடாதே! ஒரு வாரமாகக் காத்திருந்த பாறைக் கூட்டம் காலடியில் சுற்றுகிறது. அதைப் பிடிக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கைலி மனிதர் இரையை எடுத்தெறிந்துவிட்டு, பெரிய ஈயக்குண்டு கட்டி, தக்கைக்கு அப்பால் வீசி இழுத்தார். தவறிவிட்டது. மறுபடியும் வீசினார், தவறிற்று. மீன் கடல் பக்கமாகத் திரும்பியது. அடுத்தவர் முயன்றார். அவருக்கும் அகப்படவில்லை. வளைவின் கடைசிக் கல்லில், முண்டாசு கட்டிய ஒருவர் அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். அவர் ஒரே வீச்சில் அறுந்த நரம்பைத் தம் முள்ளில் கோத்துவிட்டார். மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினார். தக்கை வந்தது, பின்னாலேயே இரண்டு கையகலத்தில் ஒரு பாறை மீனும் வந்தது.

தக்கை கைக்குக் கை மாறி வந்தது. ஒவ்வொருவரும் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கைலி மனிதர் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். தம் ரீலிலிருந்து புது நரம்பு அறுத்து, பையனின் கழியில் கட்டினார். தக்கையின் மேலிருந்த பழைய முடிச்சை அவிழ்க்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டார்.

"யாரு கட்டினது, தம்பி?"

"எங்கப்பா."

"நல்ல கை."

மீன் யாருக்கு என்று ஒரு சின்னத் தர்க்கம் நடந்தது. மேலே இழுத்தவர் முண்டாசுக்காரர்தானே? அவரோ கடைசிக் கல்லில் இருந்தபடியே கையை ஆட்டினார். "அது முதல்ல கடிச்சது பையன் முள்ளை" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மற்றவர் பெயர்கூடத் தெரியாது என்பதைப் பிற்பாடு விசாரித்து அறிந்தேன். பாறைக் கூட்டம் அதற்குள் போயே போய்விட்டது. அதன் பிறகு யாருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பும்போது பெரியவர் தம் டப்பாவில் மிச்சமிருந்த இறாலையும், அன்று பிடித்த கீச்சான்களையும் அந்த வாலிபனிடம் கொடுத்துவிட்டார். கையில் கட்டுடன் அவன் ஒன்றுமே பிடிக்கவில்லையாம். மூர்க்க நாயனாரின் பக்கத்து ஊர்க்காரர் என்று நான் முதலிலேயே சொன்னேன் அல்லவா?

திரும்பும் வழியில் கோயிலுக்குள் போகவில்லை. மீன் பையோடு எப்படிப் போவது? கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ரயிலேறினோம்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த தாயார் மீனைக் கழுவி, மஞ்சளும் மிளகாய்த் தூளும் தடவி வைத்தாள். அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு பையன் பேசினான். நிழல் தண்ணீரில் விழக் கூடாதாம், கீச்சான் கத்துமாம், கெளுத்தி குத்தினால் வெந்நீராம். அவள் எண்ணெய் காய்வதைக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தக்கையைக் கையில் வாங்கி, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலம்பினாள். சிவப்பு ஒரு பக்கம் உரிந்திருந்தது. உள்ளே போய் ஒரு பழைய நகப்பூச்சுக் குப்பியைத் தேடி எடுத்துவந்தாள். குலுக்கிப் பார்த்தாள், காய்ந்து போயிருந்தது.

"புதுசு வாங்கணும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, அக்கா? எனக்கு அன்னிக்கு லீவு" என்றாள்.