ஒரே நாளில் பிறந்த மூன்று வெள்ளி

சென்ற வாரம் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. புளியும் அப்பளமும் எடுத்துவந்து பத்து வெள்ளி (டாலர்) நோட்டை நீட்டினார். கல்லாவில் இருந்த இளைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேற நாட்டு நோட்டும்மா, செல்லாது" என்று தள்ளிவிட்டார். புரூணை சுல்தான் படம் போட்ட நோட்டு அது. "தம்பி, பேங்க்ல வாங்கிக்குவாங்கப்பா" என்று அந்த அம்மா சொன்னது எடுபடவில்லை. என்னிடமிருந்த சிங்கப்பூர் நோட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். மறுநாள் வங்கியில் கட்டினேன். முழுப் பத்து வெள்ளியும் கணக்கில் ஏறியது.

நம் ஊரில் பத்து ரூபாய் நாணயம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ரிசர்வ் வங்கியே செல்லும் என்று சொன்ன பிறகும் பெட்டிக்கடையில் வாங்க மறுத்தார்கள். அதே அறியாமையை இங்கும் பார்த்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் இந்தப் புரூணை நோட்டுக்குப் பின்னால் அரை நூற்றாண்டைத் தாண்டிய வாக்கு ஒன்று இருக்கிறது.

விதி இதுதான். ஒரு புரூணை வெள்ளி ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சமம். இரு நாட்டு வங்கிகளும் மற்ற நாட்டு நோட்டைக் கட்டணமின்றிச் சம மதிப்பில் வாங்கிக்கொள்ளும். சேர்ந்த நோட்டுகளை வெளியிட்ட நாட்டுக்கே திருப்பி அனுப்பி ஈட்டுப் பணம் பெற்றுக்கொள்வார்கள். புரூணை தான் வெளியிடும் பணத்துக்கு ஈடாகச் சொத்து வைத்திருக்கிறது. சட்டப்படி அது சிங்கப்பூர்ப் பணம் அல்ல. ஆனால் வழக்கத்தில் செல்லும். நாணய மாற்றுக் கடைக்குப் போகவே வேண்டாம்.

முன்பு மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புரூணை எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளிதான். பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டது. ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. பொது நாணயத்தைத் தொடரும் பேச்சு முறிந்தது. 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புரூணை மூன்றும் தனித்தனி வெள்ளியை வெளியிட்டன. மூன்றும் ஒன்றுக்கொன்று சமம், எங்கும் செல்லும் என்று ஒப்பந்தம்.

அந்த நவம்பரிலேயே பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14.3 சதவீதம் குறைத்தது. புழக்கத்தில் இருந்த பழைய நோட்டுகள் பவுண்டோடு சேர்ந்து விழுந்தன. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய பணத்தில் 85 காசு. பினாங்கில் கடையடைப்பு கலவரமாக மாறி உயிர்கள் போயின. அரிசிப் பானைக்கு அடியில் சேமித்து வைத்தவர்களின் பணம்தான் ஒரே இரவில் கரைந்தது.

1973 மே மாதம் மலேசியா ஒப்பந்தத்திலிருந்து விலகியது. புரூணை நீடித்தது. அங்கிருந்துதான் பாதைகள் பிரிந்தன. 1980 வாக்கில்கூடச் சிங்கப்பூர் வெள்ளியும் மலேசியாவின் பணமான ரிங்கிட்டும் ஏறக்குறையச் சமம். 1990இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒன்றரை ரிங்கிட். ஆசிய நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தபோது, 1998 செப்டம்பரில் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று மலேசியா கட்டிப்போட்டது. 2005 ஜூலையில்தான் அவிழ்த்தது. 2024 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்றரை ரிங்கிட்டைத் தாண்டியது.

சிங்கப்பூர் செய்தது என்ன? உணவு முதல் எரிபொருள் வரை இறக்குமதி செய்யும் ஊர் இது. அதனால் 1981 முதல் இங்குள்ள நாணய ஆணையம் வட்டி விகிதத்தை வைத்து அல்ல, நாணய மாற்று விகிதத்தை வைத்தே விலைவாசியைப் பிடிக்கிறது. பல நாட்டு நாணயங்கள் அடங்கிய ஒரு தொகுப்புக்கு எதிராக, குறித்த எல்லைக்குள் வெள்ளியை மெல்ல வலுவடைய விடுகிறது. ஏற்றுமதியாளர்களின் முணுமுணுப்புக்கு அது அசைந்துகொடுப்பதில்லை. அந்த உறுதியை நான் மதிக்கிறேன். இந்த வெள்ளி நோட்டில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் ராஃபிள்ஸ் பிளேஸில் நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் நடத்தும் நாணய மாற்றுக் கடைகளின் விலைப்பலகை முன் நிற்கும்போது, ரூபாய் என்ற வரியில்தான் கண் போய் நிற்கிறது. எழுபதுகளில் ஒரு வெள்ளிக்கு மூன்று ரூபாய் சொச்சம். இன்று அறுபதைக் கடந்துவிட்டது. அந்த எண் ஏறினால் நம்மவர்கள் மகிழ்ந்து, அன்றே ஊருக்கு அனுப்புகிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்கு வரும் மலேசியாவின் ஜோகூர்த் தொழிலாளிக்கும் ரிங்கிட் விழுந்தால் சம்பளம் பெருகும். அவர் வீட்டுப் பக்கத்தில் ரிங்கிட்டில் சம்பளம் வாங்குபவருக்குப் பெருகாது.

நம் ஊரிலும் அதே கதைதான். ரேஷன் கடைப் பாமாயில் மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. பெட்ரோலுக்கான கச்சா எண்ணெயும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான். ரூபாய் விழுந்தால் இரண்டும் ஏறும். வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடுதான் அதைச் சுமக்கும். ஆகவே அயலகத்தில் இருக்கும் என் சகோதர சகோதரிகளே, பணம் தாராளமாக அனுப்புங்கள். ரூபாய் சரிந்தது என்று மட்டும் மகிழாதீர்கள்.