அப்பாவுக்கு ஒரு பழைய லேப்டாப்

மக்களே, இன்னிக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. பழைய லேப்டாப் வாங்குறது பற்றி ஒரு நீளமான பதிவு. நைட் டூட்டியில் கேஸ் வராத இடைவெளியில் எழுதுகிறேன். எங்காவது கோர்வை விட்டுப்போனால் அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்திருக்கும்னு நினைச்சுக்கோங்க.

என் அப்பா தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே அடிப்பார். கீயைக் குனிந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

2007-ல் நான் எம்பிபிஎஸ் இரண்டாம் வருஷம். சொசைட்டியில் லோன் போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். படிக்கத்தான். அதில் நான் என்ன படித்தேன் என்பது என் ஹாஸ்டல் பசங்களுக்குத் தெரியும். ரோட் ராஷ், விர்ச்சுவா காப் 2, பிராஜெக்ட் ஐஜிஐ... பேத்தாலஜி புத்தகம் பெரும்பாலும் லேப்டாப்புக்கு அடியில்தான் இருந்தது, சூடு தெரியாமல் இருக்க.

லீவுக்கு ஊருக்கு வரும்போது அப்பா அதில் ஒரே ஒரு கேமைப் பிடித்துக்கொண்டார். விண்டோஸ் எக்ஸ்பியோடு சும்மா வருமே, அந்த பின்பால். ஸ்பேஸ் கேடட். 80ஸ், 90ஸ் கிட்ஸ் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இடது சுண்டுவிரலுக்கு இசட், வலது சுண்டுவிரலுக்கு '/', கட்டைவிரலுக்கு ஸ்பேஸ் பார். "டைப்பிஸ்டுக்குன்னே செஞ்சிருக்கான்டா" என்றார். கோர்ஸ் முடிந்து நான் வேலைக்குப் போனபோது லேப்டாப் அவரிடமே தங்கிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எழும்போதே அவருக்கு வலது கை விழுந்திருந்தது. ஸ்ட்ரோக். ராத்திரி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று தெரியாததால், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கணக்கையே எங்களால் போட முடியவில்லை. (வாய் கோணுதல், கை விழுதல், பேச்சு குழறல். இதில் ஒன்று வந்தாலும் முதலில் மணியைப் பாருங்க, உடனே கிளம்புங்க. இதைச் சொல்லாமல் என்னால் ஒரு பதிவை முடிக்க முடியாது, மன்னிச்சுக்கோங்க.)

பேச்சு தப்பியது. கால் மூன்று மாதத்தில் தேறியது. கையைத் தூக்க, மடக்க பலம் வந்துவிட்டது. ஆனால் விரல்கள், அதிலும் அந்த வலது சுண்டுவிரல், சொன்னபடி கேட்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார். "பந்து அமுக்க நான் என்ன பச்சப்புள்ளயா?" என்று அதைப் பேத்திக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். ஒரு நாள் நான் டூட்டி முடிந்து வந்தபோது லேப்டாப்பைத் திறந்து பின்பால் ஆடிக்கொண்டிருந்தார். இடது ஃப்ளிப்பர் டாண் டாண் என்று அடிக்கிறது. வலது ஃப்ளிப்பர் ஒவ்வொரு தடவையும் அரை நொடி லேட். பந்து கீழே போய்க்கொண்டே இருக்கிறது. மனுஷன் விடவில்லை.

அந்த கேமில் எஃப்8 அமுக்கினால் கீயை மாற்றிக்கொள்ளலாம். வலது ஃப்ளிப்பரையும் இடது கைப் பக்கம் கொண்டுவந்து கொடுத்தேன், உதவி செய்கிற நினைப்பில். ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, "அப்போ இந்தக் கை எதுக்கு இருக்கு?" என்றார். பழையபடி மாற்றி வைத்தேன்.

கேம் ஆடினால் ஸ்ட்ரோக் குணமாகும்னு நான் சொல்லவே இல்லை. யாரும் அப்படி ஷேர் பண்ணிடாதீங்க. ஒரே அசைவை ஒரு காரியத்துக்காகத் திரும்பத் திரும்பச் செய்வது மறுவாழ்வுப் பயிற்சியின் அடிப்படை, அவ்வளவுதான். ரப்பர் பந்தை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அமுக்காத கை, அந்த '/' கீயை நூற்றுக்கணக்கான தடவை அமுக்கியது.

போன டிசம்பரில் அந்த லேப்டாப் செத்துப்போனது. ஊரில் ரிப்பேர் பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார். எடைக்குப் போட்டுட்டு புதுசா வாங்குங்க" என்றார். நாம சில நேரம் அட்டெண்டரிடம் பேசும் தொனி அதில் இருந்தது.

என் புது லேப்டாப்பில் அதே பின்பாலைப் போட்டுக் கொடுத்தேன். எக்ஸ்பியிலிருந்து காப்பி பண்ணினால் அது இன்றைய விண்டோஸிலும் ஓடும். ஆனால் அப்பாவுக்கு ஒட்டவில்லை. இப்போதைய லேப்டாப் கீ எல்லாம் பிஸ்கட் மாதிரி தட்டை. தொட்டாலே அமுங்கிவிடும். அவர் விரலுக்கு எது தொட்டது, எது அமுக்கியது என்று தெரியவில்லை. நடு ஆட்டத்தில் அப்டேட் வேறு கேட்கிறது. தனியாக யூஎஸ்பி கீபோர்டு வாங்கி மாட்டினேன். ஈஸி சேரில் சாய்ந்து மடியில் பலகை வைத்து ஆடுபவர் அவர். கீபோர்டு ஒரு பக்கம் வழுக்கியது, ஸ்கிரீன் இன்னொரு பக்கம். மூன்றாம் நாள் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான்காம் நாளும்.

அதற்கப்புறம்தான் பழைய லேப்டாப் தேட ஆரம்பித்தேன். இனி விஷயத்துக்கு வரேன்.

எல்லாரும் செய்யும் தப்பு, முதலில் மெஷினைத் தேடுவது. எந்த கேம் என்று முதலில் முடிவு பண்ணுங்க.

டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா மாதிரி டாஸ் கேம்தான் வேணும்னா பென்டியம் முதல் தலைமுறை, அதிகம் போனால் பென்டியம் எம்எம்எக்ஸ் லேப்டாப். அதில்தான் சவுண்ட் பிளாஸ்டர் மாதிரியே பேசும் சவுண்ட் சிப் இருக்கும். பின்னாடி வந்த லேப்டாப்களில் டாஸ் கேம் ஓடினாலும் பல நேரம் ஊமைப்படம்தான். வேகம் கூடினாலும் தொல்லை. டர்போ பாஸ்கலில் எழுதிய சில புரோகிராம்கள் வேகமான பிராசசரில் 'ரன்டைம் எரர் 200' என்று நின்றுவிடும். இந்த வயசு மெஷினில் உள்ளே சின்ன ரீசார்ஜ் பேட்டரி கசிந்து போர்டையே அரித்திருக்கும், கழற்றிப் பார்க்காமல் வாங்காதீங்க. உண்மையைச் சொன்னா, டாஸுக்காக மட்டும் மெஷின் வாங்கவே வேண்டாம். டாஸ்பாக்ஸ் இலவசம், அருமையா ஓடும்.

விண்டோஸ் 98 கால கேம்களுக்கு பென்டியம் 3. நல்ல காலம் அது. ஆனால் அதன் ஹார்டு டிஸ்க் பழைய ஐடிஇ வகை. அடாப்டர் போட்டு சிஎஃப் மெமரி கார்டை மாட்டிக்கலாம், நான் என் ஆசைக்கு ஒன்று அப்படி செய்து வைத்திருக்கிறேன். (வீட்டில் தெரியாது. இப்போ தெரிஞ்சிருக்கும்.)

எங்களுக்கு வேண்டியது எக்ஸ்பி. இங்கே கிடைப்பதில் பாதி 2008-க்கு அப்புறம் வந்த அகல ஸ்கிரீன் லேப்டாப்கள். மலிவு, ஆனால் அந்தக் கால கேம் எல்லாம் 4:3 அளவுக்கு வரைந்தது. இழுத்துக் காட்டினால் பின்பால் பந்து முட்டை ஆகிவிடும். இன்னும் சின்ன லேப்டாப்களுக்குப் போனால் ஓரத்து கீகளை ஒடுக்கி வைத்திருப்பான். எனக்கு வேண்டியதே ஓரத்து கீ. '/' கீ முழு அகலம் இருக்கணும், அமுங்கும்போது ஆழம் தெரியணும், கீழே தட்டி நிற்கணும். ஊர் உலகத்தில் '/' கீயைப் பார்த்து லேப்டாப் வாங்கின ஆள் நானாத்தான் இருப்பேன்.

இரண்டு மாடல் மிஞ்சியது. ஐபிஎம் திங்க்பேட் டி42, திங்க்பேட் டி60. இரண்டிலும் 4:3 ஸ்கிரீன், ஏழு வரிசைக் கீபோர்டு. டைப் அடித்தவர்கள் அந்தக் கீபோர்டைத் தொட்டால் விடமாட்டார்கள். டி42-ல் விண்டோஸ் 98-ம் ஏற்றலாம் என்பது அதன் பெருமை. டி60-ல் ஹார்டு டிஸ்க் சாட்டா, கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டியே பொருந்தும். பயாஸில் சாட்டாவை 'கம்பாட்டிபிலிட்டி' என்று மாற்றினால் எக்ஸ்பி சண்டை போடாமல் ஏறும். அதைவிட முக்கியம், டி61, டி400 கீபோர்டும் டி60-ல் உட்காரும். மாற்றுப் பாகம் கிடைக்காத மெஷினை அப்பாவுக்குக் கொடுத்து, ஒரு வருஷம் கழித்து மறுபடியும் அவரை டிவி முன்னால் உட்கார வைக்க எனக்கு மனசில்லை. டி60 என்று முடிவு பண்ணினேன்.

ஒரு டிரெயினிங்குக்கு சென்னை வந்தபோது மத்தியானம் நழுவி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மூன்று கடையில் சிரித்தார்கள். நான்காவது கடைத் தம்பி மாடியிலிருந்து தூசியோடு இரண்டு டி60 கொண்டுவந்தார். "எதுக்கு சார் இது? ஷூட்டிங்குக்கா?"

ஒன்று ஆன் பண்ணியதும் பாஸ்வேர்டு கேட்டது. கம்பெனியில் கழித்த லேப்டாப்களில் இது அடிக்கடி வரும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு என்றால் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது, தனி சிப்பில் இருக்கும். தள்ளி வைத்துவிட்டேன். இன்னொன்றில் ஸ்கிரீன் லேசா ரோஸ் கலர், பின்னால் எரியும் குழல் விளக்கு களைத்துப்போயிருக்கிறது. ஆனால் கீல் கெட்டி, ஃபேன் இரைச்சல் இல்லை. பேட்டரி உப்பியிருந்தது, அதைக் கடையிலேயே கழற்றி விட்டுட்டு வந்தேன். உப்பிய பேட்டரியை யாரும் குத்தவோ அமுக்கவோ கூடாது, சீரியஸா சொல்றேன். நோட்பேடைத் திறந்து எல்லா கீயையும் ஒரு முறை அடித்தேன். '/' கீயை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வலது சுண்டுவிரலால் இருபது முறை. தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

₹4,000 சொன்னார். ₹3,200-க்கு முடிந்தது, சார்ஜரோடு. சார்ஜரைக் கவனமாப் பாருங்க. டி42-க்கு 16 வோல்ட், டி60-க்கு 20 வோல்ட், முனையும் வேற.

நெட் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. பின்பால் ஆட நெட் எதுக்கு?

மடியில் வைத்ததும் அப்பா கேம் திறக்கவில்லை. நோட்பேடைத் திறந்து ஏதோ அடித்தார். இரண்டு கையாலும், மெதுவாக. அப்புறம் கேட்டார்: "பழைய ஸ்கோர் எல்லாம் போச்சா?"

போகவில்லை. போர்டு செத்தாலும் ஹார்டு டிஸ்க் உயிரோடு இருந்தது. பின்பால் ஸ்கோர் எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும், அதை எடுத்துப் புது மெஷினில் ஏற்ற முடியும். ஆனால் நான் வேண்டுமென்றேதான் ஏற்றாமல் விட்டிருந்தேன். அந்தப் பட்டியலில் ஐந்து இடம். முதல் நான்கு அப்பாவுடையது, நான்குமே ஸ்ட்ரோக்குக்கு முன்னால் ஆடியது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு ஆட வேண்டுமா என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். பேஷண்டைக் கேட்காமல் முடிவு எடுக்காதே என்று ஹவுஸ் சர்ஜன்களுக்கு வகுப்பு எடுக்கிற ஆள் நான்.

"இருக்குப்பா. வேணுமா?"

"அது என் ஸ்கோர்டா."

ராத்திரியே ஏற்றிக் கொடுத்தேன். ஐந்தாவது இடத்தில் இருந்தது என் பெயர், ஹாஸ்டல் காலத்தில் அடித்தது. அப்பா பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அது பிப்ரவரியில். நடுவில் விரல் தேறியதா என்று கேட்டால், கொஞ்சம். சட்டை பட்டனை இன்னும் அம்மாதான் போட்டுவிடுகிறார். போன ஞாயிறு டூட்டி முடிந்து வந்தபோது லேப்டாப் திண்ணையில் திறந்தே கிடந்தது. பட்டியலில் ஐந்து இடத்திலும் அப்பா பெயர். "காலையில இருந்து இட்லியைத் தொடலைடா, நீ வர்றதுக்குள்ள முடிக்கணுமாம்" என்றார் அம்மா. அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியா ஒரு உதவி. டி60, டி61, டி400 எதுவானாலும் சரி, நல்ல கண்டிஷனில் கீபோர்டு யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸ்ல சொல்லுங்க. அந்த '/' கீ இப்போ லேசா ஆட ஆரம்பிச்சிருக்கு.