ஏழு மார்க்கும் கியோட்டோ மலையும்

கியோட்டோவுக்குப் போகிறவர்கள் கையில் இருக்கும் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தங்கக் கோயில், வெள்ளிக் கோயில், ஆயிரக்கணக்கில் செந்நிற வளைவுகள் வரிசைகட்டி நிற்கும் ஃபுஷிமி இனாரி, மாலையில் கியான் தெருக்கள். இப்போது அந்தப் பட்டியலில் சிலர் இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கியோட்டோ ரயில் நிலையத்தில் கின்டெட்சு ரயிலில் ஏறி, தெற்கே இருபது நிமிடம் போல போனால் வருகிற ஓகுரா.

இறங்கினால் பார்க்க ஒன்றும் இல்லாத ஊர் போலத்தான் இருக்கும். வீடுகள், சைக்கிள்கள், சின்னக் கடைகள். பக்கத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. 1941-க்குள் அதை வடித்து வயலாக்கிவிட்டார்கள். பச்சைத் தேயிலைக்கும் பத்து யென் நாணயத்தில் பதிந்திருக்கும் பியோடோ-இன் கோயிலுக்கும் பெயர் பெற்ற உஜி நகரத்தின் ஓர் ஓரம் இது. ஆனால் ஓகுராவில் இறங்கும் அப்பா - பிள்ளை ஜோடிகளும், நாற்பது வயதைத் தாண்டியும் மரியோ படம் போட்ட பனியனோடு நடக்கிறவர்களும் தேயிலைக்காக வரவில்லை. நின்டெண்டோ நிறுவனம் சீட்டுக்கட்டு தயாரித்துக்கொண்டிருந்த பழைய தொழிற்சாலை இங்கே இருக்கிறது. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் அது நின்டெண்டோ மியூசியம்.

நேரே போய் டிக்கெட் வாங்க முடியாது. மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்து, குலுக்கலில் பெயர் வரவேண்டும். பெரியவர்களுக்கு 3,300 யென். மேல்மாடியில் கம்பெனி இதுவரை விற்ற விளையாட்டுச் சாமான்கள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. விளக்கப் பலகைகள் மிகக் குறைவு. போட்டோ எடுக்கவும் அனுமதி இல்லை. செல்போனை உள்ளே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய இடம் என்பதாலேயே, ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் நிற்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 'இது எனக்கு எட்டு வயசுல வாங்கிக் கொடுத்தது' வகைக் கதைகள்.

'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' வரிசைக்கு முன்னால் நிற்பவர்களில் சிலருக்கு ஒரு பழைய சண்டையும் நினைவுக்கு வரும். 2017 மார்ச் மாதச் சண்டை.

விளையாடாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்ற கேமின் நாயகன் பெயர் லிங்க். நூறு வருடத் தூக்கத்திலிருந்து ஒரு குகைக்குள் கண்விழிக்கிறான். வெளியே ஓடிவந்தால், இடிந்துபோன ராஜ்யம் ஒன்று அடிவானம் வரை விரிந்து கிடக்கிறது. தொலைவில் கோட்டை, அதற்குள் தீயசக்தியைக் கட்டிப்போட்டபடி இளவரசி. நேராகக் கோட்டைக்குப் போய்ச் சண்டையிடலாம். போகாமல் நூறு மணி நேரம் காளான் பறித்து, குதிரை பிடித்து, சமைத்துச் சாப்பிட்டுத் திரியவும் செய்யலாம். கண்ணுக்குத் தெரிகிற எந்த மலையிலும் ஏறலாம். இப்படி வேலி இல்லாமல் திறந்துவிட்டதைத்தான் ஓப்பன் வேர்ல்ட் என்கிறார்கள்.

இந்த கேமுக்காக ரசிகர்கள் காத்திருந்த காத்திருப்பு சாதாரணமானதல்ல. 2015-இல் வரும் என்றார்கள், பிறகு 2016 என்றார்கள், கடைசியில் 2017. அதற்கிடையே கம்பெனியின் நிலைமையும் கவலைக்கிடம். 10 கோடிக்கு மேல் விற்ற வீ என்ற கருவிக்கு அடுத்து வந்த வீ யூ, ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. தலைவர் சதோரு இவாட்டா 2015 ஜூலையில் 55 வயதில் இறந்துபோனார். நின்டெண்டோ இனி கருவி தயாரிப்பதை விட்டுவிடும் என்று பேசியவர்கள் அப்போது நிறையப் பேர். 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச் என்ற புதிய கருவியும் இந்த கேமும் ஒன்றாக வெளிவரப்போகின்றன என்றபோது, சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரோடு வளர்ந்தவர்களுக்கு அது வீட்டுப் பிள்ளையின் பரீட்சை போல ஆகிவிட்டது.

ரிசல்ட் ஒரு நாள் முன்னதாகவே வந்தது. மார்ச் 2 அன்று விமர்சனங்கள் வெளியாகின. பத்துக்குப் பத்து, மறுபடி பத்துக்குப் பத்து. ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகையில் நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்து வீதம் 40-க்கு 40 போட்டார்கள். எல்லா விமர்சனங்களையும் சேர்த்துச் சராசரி சொல்லும் மெட்டாக்ரிட்டிக்கில் 98. இதே வரிசையில் 1998-இல் வந்த 'ஓகரினா ஆஃப் டைம்' 99 வாங்கியிருந்தது. கேமை இன்னும் கையில் வாங்காதவர்கள், அந்த ஒரு மார்க் இடைவெளியைக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் அந்த மாதம் ஸ்விட்ச் கருவியைவிட ஸ்விட்சுக்கான ஸெல்டா அதிகமாக விற்றது. ஒன்று விளையாட, ஒன்று பிரிக்காமல் பெட்டியோடு அலமாரியில் வைக்க என்று இரண்டு வாங்கியவர்கள் இருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

கேம் வெளியாகிப் பத்து நாள் போல ஆனபோது, சொந்தமாகத் தளம் நடத்திவந்த ஜிம் ஸ்டெர்லிங் என்ற விமர்சகர் பத்துக்கு ஏழு போட்டார். அவருடைய கணக்கில் ஏழு என்றால் 'நன்று'. கேமில் பிடித்த விஷயங்களையும் எழுதியிருந்தார். ஆனால் கையில் கிடைக்கும் வாள் நாலைந்து அரக்கர்களை அடிப்பதற்குள் உடைந்துபோகிறது, ஏறும்போதும் ஓடும்போதும் மூச்சு சட்டென்று தீர்ந்துபோகிறது என்று குறை சொன்னார். சராசரி 98-லிருந்து 97-க்கு இறங்கியது.

அவ்வளவுதான். வசைகள் குவிந்தன. பொய்யான வருகைகளை ஒரே நேரத்தில் கொட்டி அவருடைய தளத்தையே முடக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு 70 வாங்கினால் இனிப்பு கொடுக்கிற வீடுகள் உண்டு. கேம் உலகத்தில் மட்டும் ஏழு என்றால் ஃபெயில் என்று எப்போதோ ஆகிவிட்டது. 2006-இல் 'ட்விலைட் பிரின்சஸ்' என்ற ஸெல்டா கேமுக்கு ஒரு தளம் 8.8 கொடுத்ததற்கே பெரிய ரகளை நடந்தது. அந்த எண் பிறகு கிண்டல் வார்த்தையாகவே நிலைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வாள் உடைவதைப் பற்றிய குறையைப் பின்னாளில் விளையாடி முடித்த ஏராளமானவர்கள் சொன்னார்கள். இன்றும் அதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். ஸ்டெர்லிங்கைத் திட்டியவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு அந்த வாளை உடைத்துப் பார்த்திருந்தார்களோ!

இந்த மார்க் சண்டையில் யாரும் அதிகம் பேசாமல் விட்டது, அந்த உலகம் எந்த அளவுகோலில் கட்டப்பட்டது என்பதை. அளவுகோல் இருப்பது மியூசியத்துக்கு வெளியே. ஓகுராவிலிருந்து திரும்பி ரயிலேறினால் போதும்.

கேமின் இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷிக்கு வேலை தொடங்கும்போது ஒரு சிக்கல் இருந்தது. முந்தைய பெரிய ஸெல்டாவைவிடப் பன்னிரண்டு மடங்கு பரந்த நிலம். ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் எவ்வளவு தூரம் வைத்தால் நடக்கிறவனுக்குச் சலிக்காது? அவர் செய்தது எளிமையான காரியம். தனக்குப் பழக்கமான கியோட்டோவின் வரைபடத்தை எடுத்து, கேம் உலகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று காலுக்குத் தெரிந்த ஊர் அது. அந்தக் கணக்கை வைத்து நிலத்தைப் பங்கிட்டார்கள்.

அதற்குத் தோதான ஊரும்தான். 794-இல் சீனத்துச் சாங்கான் நகரத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாகப் போட்ட தலைநகரம். பழைய நகரம் கிழக்கு மேற்காக நாலரை கிலோமீட்டர், வடக்கு தெற்காக ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் குறுக்கே நடந்துவிடலாம். இங்கே வழி சொல்லும்போது வடக்கே போவதை 'மேலே ஏறி' என்றும், தெற்கே போவதை 'கீழே இறங்கி' என்றும் சொல்வார்கள். மூன்று பக்கமும் மலை. எந்தத் தெருமுனையில் நின்றாலும் கண்ணுக்கு ஒரு மலை சிக்கும் என்பதால் திசை தவறுவது கடினம்.

கேமிலும் மலைகளுக்கு அந்த வேலைதான். 2017-இல் ஜப்பானில் நடந்த தொழில்நுட்ப மாநாட்டில் அதை உருவாக்கியவர்கள் முக்கோண வித்தை ஒன்றை விளக்கினார்கள். எதிரே முக்கோணமாக ஒரு மலை இருந்தால் அது பின்னால் இருப்பதை மறைக்கும். பார்ப்பவனுக்கு இரண்டு வழி, ஏறிப் போவதா, சுற்றிப் போவதா? எப்படிப் போனாலும் மறைந்திருந்த ஏதோ ஒன்று மெல்லத் தலைகாட்டும். அடுத்த அடி வைக்க அது போதும்.

ரயில் நிலையத்திலிருந்து வடகிழக்கே கால்மணி நேரம் நடந்தால் ககியா-சோ என்ற தெரு. பக்கத்தில் தகாசே கால்வாய், அதற்கப்பால் கமோ ஆறு. 1889-இல் ஃபுசாஜிரோ யமாவுச்சி பூப்படம் போட்ட ஹனாஃபுடா சீட்டுகள் செய்து விற்க ஆரம்பித்த கம்பெனி, 1930-இல் கட்டிய தலைமையகம் இங்கே நிற்கிறது. சந்துக்குள் ஒதுங்கி நிற்கும் கட்டடத்தின் வாசலில் 'யமாவுச்சி நின்டெண்டோ' என்ற பழைய பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது. 2022 முதல் இது மாருஃபுகுரோ என்ற ஹோட்டல். மொத்தம் 18 அறைகள். புதுப்பித்த வேலையை மேற்பார்த்தவர் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ. தங்க வசதி இல்லாதவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். இன்றைய தலைமையகம் ஊரின் தெற்கே வெள்ளைப் பெட்டி போல நிற்கிறது. உள்ளே விடமாட்டார்கள், அதனால் அலைய வேண்டியதில்லை.

அங்கிருந்து ஆற்றோரமாகவே வடக்கே நடந்தால் கியான். இங்குள்ள பழைய தேநீர் விடுதிகளில் புதியவர் யாரும் தானாக நுழைய முடியாது. ஏற்கெனவே வருகிற ஒருவர் கூட்டிவந்து அறிமுகம் செய்ய வேண்டும். அழைத்துவந்த விருந்தாளி தப்பாக நடந்தால் கூட்டிவந்தவர் தலையில்தான் விழும். நட்சத்திரமும் மார்க்கும் இல்லாமல் ஓர் இடத்தின் பெயர் தலைமுறை தாண்டிப் போவதற்கு இதுவும் ஒரு வழி. வெளியாளுக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டும் வழிதான், மறுப்பதற்கில்லை.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் சோனோபே போய்வரலாம். வடமேற்கே செல்லும் ஜே.ஆர். ரயில், ஹோசு ஆற்றின் பள்ளத்தாக்கைக் குடைந்துகொண்டு மலைகளுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. 1952-இல் பிறந்த ஷிகெரு மியாமோட்டோ வளர்ந்த ஊர் இது. சிறுவனாகக் காட்டில் திரிந்தபோது ஒரு குகை வாயைக் கண்டார். முதலில் பயம். பிறகு கையால் செய்த விளக்கோடு உள்ளே போனார். அந்த நினைவிலிருந்துதான் 1986 பிப்ரவரியில் வந்த முதல் ஸெல்டா பிறந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த கேமும் ஒரு குகை வாசலில்தான் ஆரம்பிக்கிறது. சோனோபேயில் பெரிதாகப் பார்க்க எதுவும் கிடையாது. வயல், மேடு, மரம். பையன்கள் காணாமல்போய் இருட்டுவதற்குள் திரும்பிவருகிற தூரத்தில் மலை.

கியோட்டோவிலும் அப்படி ஒரு மலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வெள்ளிக் கோயிலுக்குப் பின்னாலிருந்து கிளம்புகிறது டைமொன்ஜி மலைப்பாதை. உயரம் 465 மீட்டர் போல. ஒவ்வொரு ஆகஸ்ட் 16 இரவும் இதன் சரிவில் 'பெரிய' என்ற எழுத்தை நெருப்பால் எழுதி, வந்துபோன முன்னோர்களை வழியனுப்புகிறார்கள். மற்ற நாட்களில் உள்ளூர்ப் பெரியவர்கள் தடியூன்றிக்கொண்டு காலை நடைக்கு ஏறுகிற இடம். முக்கால் மணி நேரத்தில் நெருப்பு மூட்டும் திடல் வந்துவிடும்.

மரங்களுக்கு நடுவே ஏறிவந்த பாதை அங்கே திடீரென்று திறந்துகொள்கிறது. கீழே முழு ஊர். நடுவில் பச்சைச் செவ்வகமாக அரண்மனைத் தோட்டம், வெள்ளிக் கோடாக ஆறு, தெற்கே ஒற்றை மெழுகுவத்தி போல கியோட்டோ டவர். கேமில் குகையிலிருந்து ஓடிவந்து நிற்கும் லிங்க்கைப் பார்த்தவர்கள் இங்கே கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

'பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஸ்விட்சில் மட்டும் 3 கோடிக்கு மேல் விற்றது. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. மெட்டாக்ரிட்டிக்கில் இன்றும் 97 நிற்கிறது. 2023 மே மாதம் வந்த அடுத்த பாகத்திலும் வாள்கள் உடைகின்றன. உடைந்த வாளோடு கல்லையோ கொம்பையோ ஒட்டிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள்.

கியோட்டோவில் ஜூன் மாதம் மழைக்காலம். டைமொன்ஜி போவதானால் குடையோடு நல்ல செருப்பும் வேண்டும், படிகள் வழுக்கும். கேமிலும் மழை பெய்தால் பாறையில் பிடி நிற்காது, பாதி ஏறிய லிங்க் சறுக்கிக்கொண்டே கீழே வருவான். மார்க் எவ்வளவு போட்டவர்களாக இருந்தாலும், விளையாடிய எல்லோரும் ஒரு தடவையாவது திட்டிய இடம் அது. ஏதாவது ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கி, மழை விடும்வரை காத்திருந்துவிட்டுத்தான் ஏறினார்கள்.