இரண்டு சாண், மூன்று விரல்

கிளிநொச்சியிலிருந்து பெரியப்பா விசிட்டர் விசாவில் வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. நயாகராவைக் காட்டினேன். "இவ்வளவு தண்ணியும் ஒரு வயலுக்கும் போகேல்லையே" என்றார். சீ.என். கோபுரத்தில் ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டார். அதற்குமேல் ஸ்காபரோவில் காட்ட என்ன இருக்கிறது? செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவுக்கு வடக்கே ஓர் ஊரில் நடக்கும் ஃபோல் ஃபெயருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாடு, பூசணிக்காய், ஆப்பிள் பை எல்லாவற்றையும் அரை மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிட்டார். பிறகுதான் ட்ராக்டர் இழுவைப் போட்டியின் சத்தம் கேட்டது.

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு எதற்கும் முதலில் விதியைப் படித்துவிட்டுப் போகிறவன் நான். பனி ஹொக்கியின் ஓஃப்சைட்டைக்கூடக் கடுதாசியில் கீறிப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். இதையும் படித்திருந்தேன். 300 அடி நீளமான மண் பாதை. ட்ராக்டரின் பின்னால் ஒரு ஸ்லெட்டைக் கொழுவி இழுக்கவேண்டும். நேரக் கணக்கே கிடையாது, யார் கூடத் தூரம் போகிறாரோ அவர் வென்றார். சங்கிலி இறுகி நிற்கும் நிலையில்தான் புறப்படலாம், தளரவிட்டு வெட்டி இழுக்கக்கூடாது. ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டினாலோ முன்னால் கொழுவிய பாரம் ஒன்று கழன்று விழுந்தாலோ போட்டியிலிருந்து நீக்கம். இவ்வளவும் பாடமாக இருந்தும் முதல் நாலு ட்ராக்டரும் 250 அடிக்குக் கிட்ட வந்து மூச்சடங்கி நின்றது ஏனென்று எனக்குப் பிடிபடவில்லை. அதே ட்ராக்டர், அதே மண், அதே ஸ்லெட். தொடக்கத்தில் பறந்த வண்டி முடிவில் ஏன் முக்கவேண்டும்?

"தம்பி, உந்தப் பெட்டியைப் பார். முன்னுக்கு ஏறுது."

ஸ்லெட்டின் மேலிருந்த பாரப்பெட்டியைச் சொன்னார். முழு விளையாட்டும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. புறப்படும்போது பாரம் ஸ்லெட்டின் பின் சில்லுகளுக்கு மேலே இருக்கும், அதனால் இலேசாக உருளும். ஓட ஓட அந்தச் சில்லுகளின் சுழற்சியே பெட்டியை முன்னுக்கு நகர்த்தும். முன்பக்கத்தில் சில்லு இல்லை, வெறும் தட்டைத் தகடு. பாரம் தகட்டின்மேல் வரவர அது மண்ணில் அழுந்திப் பிடிக்கும். எவ்வளவு தூரம் இழுக்கிறீர்களோ அவ்வளவுக்கு இழுவை கூடிக்கொண்டே போகும். முழுத் தூரமும் போனால் "ஃபுல் புல்" என்று ஒலிபெருக்கி கத்தும். பலர் அப்படிப் போய்விட்டால் அவர்களை மறுபடி கூப்பிட்டு, ஸ்லெட்டை இன்னும் கடினமாக்கி இழுக்க விடுவார்கள். பாரம் இலேசாக இருந்தது நடுவரின் பிழை என்பது அங்கே நியாயம். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

குதிரைகளை வைத்துக் கமக்காரர்கள் போட்ட பந்தயத்திலிருந்து வந்த விளையாட்டு இது. எந்திர வண்டிகளின் போட்டி 1929இல் அமெரிக்காவில் தொடங்கியதாகச் சொல்வார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு விதி என்று கிடந்ததை 1969இல் எட்டு மாநிலத்தவர்கள் கூடிச் சங்கம் அமைத்து ஒழுங்குபடுத்தினார்கள். பிரிவுகள் ஏராளம். ஏறத்தாழ 2,000 இறாத்தல் நிறையுள்ள குட்டி வண்டியில் வீ-8 எஞ்சினைப் பூட்டியிருப்பார்கள். 10,000 இறாத்தல் டீசல் ட்ராக்டர் கரும்புகையை ஆகாயத்துக்குக் கக்கும். பழைய விமான எஞ்சின்கள் ஏற்றிய அரக்கர்களும் உண்டு. ட்ரக்குகளுக்குத் தனிப் பிரிவு. காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கள்.

பெரியப்பா புகையைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் குனிந்து நாடா பிடித்து எதையோ அளந்துகொண்டிருந்த ஆளையே பார்த்தார். கொக்கியின் உயரம் என்றேன். ட்ராக்டர்களுக்கு வழக்கமாக 20 அங்குலம், நாலு சில்லும் இழுக்கும் ட்ரக்குகளுக்கு 26. கூடினால் இழுக்க விடமாட்டார்கள். ஏன் அந்த அளவு என்று நான் யோசித்ததேயில்லை.

"உயரத்தில கொழுவினா முன் சில்லு எழும்பும். பின் சில்லில பாரம் விழும், நல்லா இழுக்கும். எல்லாருக்கும் அந்த ஆசைதான்." சற்று நேரம் பேசாமல் இருந்தார். "உருத்திரபுரத்தில லொறி ஒண்டு புதைஞ்சு நிண்டது. பெடியன் சங்கிலியைக் கீழ கட்டாம மேல கட்டிப்போட்டான். மெசின் அப்பிடியே பின்னால மல்லாந்தது. நாங்கள் ஓடிப்போக முன்னமே முடிஞ்சுது."

ட்ராக்டர்களின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கால்கள் எதற்கென்று அதன்பிறகு நான் கேட்கவில்லை. ஸ்லெட்டோடு கட்டிய கம்பி இழுபட்டால் எஞ்சினை நிறுத்திவிடும் அந்தச் சின்ன விசையையும் அவர்தான் எனக்குக் காட்டினார்.

கடைசியில் பழைய ட்ராக்டர்களின் பிரிவு. சிவப்பு நிறத்தில் ஒரு மாசி ஹரிஸ் வந்ததும் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். வன்னியில் அவர் இருபது வருடம் ஓட்டியது மாசி பெர்கூசன் 135. அந்த மாசி இந்த மண்ணின் பெயர். 1847இல் நியூகாசிலில், ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலம்கூட இல்லாத தூரத்தில், டானியல் மாசி கமக் கருவிப் பட்டறை போட்டார். ரொறன்ரோவில் 1894இல் திறந்த மாசி மண்டபம் அந்தக் குடும்பத்துக் காசு. பெர்கூசன் அயர்லாந்துக்காரர். கலப்பை கல்லில் முட்டினால் ட்ராக்டர் பின்னால் மல்லாந்துவிடுகிற அதே ஆபத்தைத் தடுக்க மூன்று புள்ளியில் கலப்பையைப் பிணைத்தவர். 1953இல் இரண்டு கம்பனியும் சேர்ந்தன. இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அந்தப் பெடியன் பிணைச்ச இடத்தைத்தான் அவர் யோசிச்சவர்" என்றார்.

போட்டி முடிந்ததும் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நேரே நடந்தார். அந்த மாசி ஹரிஸுக்குப் பின்னால் குந்தி, தரையிலிருந்து கொக்கி வரைக்கும் சாண் போட்டார். இரண்டு சாண், மூன்று விரல். சொந்தக்காரர், தொப்பி போட்ட வெள்ளைக் கிழவர், ஒரு வார்த்தை பேசாமல் காற்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நீட்டினார். பெரியப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். கிழவர் தானே அளந்து பார்த்தார். பத்தொன்பதே முக்கால். பெரியப்பா தன் மூன்றாவது விரலைச் சற்று மடித்துக் காட்ட, இருவரும் சிரித்தார்கள்.