வராத மாதங்கள்

குகட்பள்ளி ஹவுஸிங் போர்டு காலனிக்கு நான் குடிவந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. தெலுங்கு நாட்டிலே தமிழராக வாழ்வதில் உள்ள விசேஷம், அந்நிய பாஷை என்று எண்ணிக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே நம் வீட்டுத் திண்ணையில் பழகிய சொல் ஒன்று திடீரென்று எதிரே வந்து நிற்பதுதான். கோர்ட்டு விவகாரங்களில் இது மிகுதி. வழக்குத் தள்ளிப்போனால் இங்கேயும் 'வாய்தா'தான். வரவேண்டிய பணத்தை நாம் 'பாக்கி' என்றால் இவர்கள் 'பகாயி' என்பார்கள். ஜீவனாம்சத்துக்கு மாத்திரம் 'மனோவர்த்தி' என்று நாம் கேட்டறியாத சொல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் அகராதியில் படித்து அறியவில்லை. 2018-ஆம் ஆண்டில், எதிர்வீட்டு அம்மாளுக்குத் தெலுங்கும் ஆங்கிலமும் சொல்லும் துணையாக வக்கீல் ஆபீசுக்குப் போய்வந்த மாதங்களில் அறிந்தேன். மெட்ரோ ரயில் வந்து ஓராண்டு ஆகாத காலம் அது. தூணின் எண்ணைச் சொல்லியே எல்லோரும் வழி சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த அம்மாள் திருநெல்வேலிப் பக்கத்தவர். பாலாநகர்ப் பட்டறை ஒன்றில் லேத் வேலைக்கு வந்த கணவனோடு இந்த ஊருக்கு வந்து, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகு, அவன் நகரத்தின் மறுகோடியில் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டுவிட, மாவு அரைத்து விற்றுப் பிழைக்க நேர்ந்தவர். 2004 ஜூனில், மகளுக்கு ஒன்பது வயதும் மகனுக்கு ஆறு வயதுமாக இருந்தபோது, குழந்தை ஒன்றுக்கு மாதம் ₹1,000 கொடுக்கவேண்டுமென்று கோர்ட்டில் உத்தரவாயிற்று. தமக்கென்று அவர் எதுவும் கேட்கவில்லை. பதினொரு மாதம் பணம் வந்தது, பிறகு வரவில்லை.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதை நான் முதன்முதலில் பார்த்தபோது அட்டை போய், காலண்டர் தாளால் உறை போட்டிருந்தது. ஓரங்களில் மாவுக் கறை. ஒவ்வொரு பக்கத்திலும் மாதத்தின் பேரும், மகளுக்கு ஒரு கட்டமும், மகனுக்கு ஒரு கட்டமும். முதற்பக்கங்களில் தாயின் கோணல் எழுத்து. 2005 மே முதல் 'வரவில்லை', 'வரவில்லை' என்று கீழ்நோக்கி ஒரே வரிசை. 2006-இலிருந்து எழுத்து மாறுகிறது. பதினொரு வயது மகள் குண்டு குண்டாக அதே சொல்லை எழுதத் தொடங்கியிருக்கிறாள். ஆண்டுகள் போகப் போக அந்த எழுத்து சிறுத்து, சாய்ந்து, ஒரு பெரிய பெண்ணின் கையெழுத்தாகி, கடைசிப் பக்கங்களில் வெறும் கோடாகிவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில் தாயின் கணக்கு: பள்ளிக்கூடத்து பீஸ், அம்மை போட்ட வாரத்து மருந்து, செயின் அடகு, வட்டி, மறுபடி வட்டி. நான் கூட்டிப் பார்த்தேன். இருவருக்கும் பதினெட்டு நிரம்பும் வரை சேரவேண்டியது ₹2,52,000, வந்தது ₹22,000.

குழந்தைகள் வளர்ந்தாயிற்றே, இனி எதற்கு ஜீவனாம்சம் என்று கேட்பவர் பலர். வளர்ந்த பிள்ளைக்கு இனிமேல் கொடு என்று யாரும் கேட்கவில்லை. வளர்ந்துகொண்டிருந்தபோது கொடுக்காததைக் கொடு என்பதே கேள்வி. அந்தக் குழந்தைகள் பட்டினி கிடக்கவில்லையென்றால், தகப்பன் கொடுக்கவேண்டியதை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? தாய் அடகுக் கடையில் பட்ட கடன் உண்மையில் தகப்பன் பேரில் பட்ட கடன் என்றே நான் கருதுகிறேன்.

சட்டம் இவ்விஷயத்தில் ஒரு கையால் கொடுத்து மறு கையால் இறுக்குகிறது. அப்போது அமலில் இருந்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்படி, உத்தரவான தொகையைக் கட்டாதவன்மேல் வாரண்ட் பிறப்பிக்கலாம். ஒவ்வொரு மாதத்துப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையிலும் வைக்கலாம். சிறையிலிருந்து வந்ததனால் கடன் தீர்ந்துவிடாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பணம் கட்டவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போடவேண்டும். அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவிலும் அந்த ஓராண்டு அப்படியே இருக்கிறது. ஒருமுறை காலத்தில் மனுப் போட்டுவிட்டால், அது நிலுவையில் இருக்கும்வரை பின்னால் சேரும் பாக்கியையும் அதிலேயே கேட்கலாம் என்று 2005-இல் ஒரு தீர்ப்பு வந்தது. இதையெல்லாம் அந்த அம்மாளுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

பிறகு 2013-இல், தமிழ்நாட்டுத் தாயும் மகனும் தொடுத்த வழக்கு ஒன்றில், அந்த ஓராண்டு வரம்பு வாரண்ட் என்னும் வழியை மட்டுமே அடைக்கிறது, பணத்தின்மேல் உள்ள பாத்தியதையை அழிப்பதில்லை, சிவில் வழக்குப் போடும் வழி திறந்தே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் வக்கீல் பற்றிக்கொண்ட கிளை அதுதான். சிவில் வழக்குக்கும் மூன்றாண்டுக் கெடு உண்டு. ஆனால் மைனருக்கு அந்தக் கெடு பதினெட்டு வயதுக்குப் பிறகே ஓடத் தொடங்கும். ஆகவே மகளுக்கு 2016-இல் காலம் முடிந்துவிட்டது. மகனுக்கு 2019 ஜூன் வரை இருந்தது.

தன் உரிமையின்மேல் உறங்கிவிட்டவர் என்று சட்ட பாஷையில் ஒரு சொல்வழக்கு உண்டு. அதை வக்கீல் வாயால் கேட்டபோது, விடியற்காலை நாலு மணிக்கு எதிர்வீட்டுக் கிரைண்டர் ஓடும் சத்தத்தில் நான் கண்விழித்த அத்தனை ஆண்டுகளும் நினைவுக்கு வந்து, நெஞ்சு பொறுக்கவில்லை. யாருக்கு அவகாசம் மிகக் குறைவோ அவருக்கே மிகக் குறுகிய கெடுவை வைத்திருப்பது நியாயமன்று. அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டத்தின்படி, தவணை தவறிய ஒவ்வொரு தொகையும் அந்த நாளிலேயே தீர்ப்பான கடனாகிவிடுகிறது. பின்னால் எந்த நீதிபதியும் அதைக் குறைக்க முடியாது. இங்கும் 2020-இல், ஜீவனாம்ச உத்தரவுகளைச் சிவில் டிக்கிரி போலவே நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. எங்களுக்கு அது பிந்தி வந்த உதவி.

தடை வந்தது மகனிடமிருந்து. டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த அந்தப் பிள்ளை, வக்காலத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான்.

"அந்த மனுஷன் காசு எனக்கு வேண்டாம்மா. நான்தான் சம்பாதிக்கிறேன்ல."

அம்மாள் கை மாவைக்கூடக் கழுவாமல் வந்து நின்றார். "உனக்கு வேண்டாம்னா போ. உன் பீஸுக்கு அடகுக் கடையில முழுகிப்போன செயின் என்னோடது. அதை வேண்டாம்னு சொல்ல நீ யாருடா?" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க அக்கா" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மகள்தான் நோட்டை எடுத்துவந்து தம்பியின் மடியில் வைத்தாள். அவன் வெகுநேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினான்; அக்காளின் குண்டெழுத்து தொடங்கும் இடத்தில் நிறுத்தினான். மறுநாள் கையெழுத்துப் போட்டான்.

வழக்கு லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தது. மகன் பங்காகக் கேட்ட ₹1,33,000-க்கு ₹90,000, மாதம் ₹5,000 வீதம் தவணை. முதல் தவணை வந்த அன்று மாலை அம்மாள் என்னைக் கூப்பிட்டு, நோட்டை விரித்துவைத்து, பேனாவை எடுத்தார். அன்றைய தேதியை எங்கும் எழுதவில்லை. 2005 மே மாதத்து வரிசைக்குப் போய், 'வரவில்லை'யை அடித்துவிட்டு, இருவர் கட்டத்திலும் ஆயிரம் ஆயிரம் என்று எழுதினார், ஜூனுக்கும் அப்படியே. சட்டப்படி அது முழுவதும் மகன் பணம் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த ஆயிரத்தை ஜூலையில் மகள் கட்டத்தில் எழுதி, மகன் கட்டத்தை அடுத்த தவணைக்கென்று விட்டு, மை காயும் வரை நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.