வாதி ஷாப்

தொண்ணூறுகளில் மஸ்கட்டில் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஒன்றுதான் விடுமுறை. வெயில் தணிந்து குளிர்மாதங்கள் வந்துவிட்டால் எங்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. விடியுமுன்னே அம்மா புளியோதரை கிளறி வைத்திருப்பாள். பக்கத்து ஃபிளாட் மாமா வீட்டாரும் சேர்ந்துகொள்ள, சூர் பக்கமாகக் கிளம்பிவிடுவோம். இன்றைய நெடுஞ்சாலை அப்போது இல்லை. குரியாத்துக்கு அப்பால் தகரக்கூரை போல வரிவரியாகக் கிடக்கும் மண்பாதை. ஒருபுறம் கடல், மறுபுறம் பச்சையே இல்லாத ஹஜர் மலை. திவியை நெருங்கும்போது அந்த மலை பிளந்து வழிவிடும். அதுதான் வாதி ஷாப்.

உள்ளே நுழைந்ததும் பேரீச்சையும் வாழையும் அடர்ந்து நிற்கும். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது என்கிற நாட்டில் இத்தனை தண்ணீர் எப்படி என்று கேட்டுக்கொண்டே நடப்பேன். மலையில் விழுகிற மழையைச் சுண்ணாம்புப் பாறை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லப் பள்ளத்தாக்கில் கசியவிடுகிறது என்பார் மாமா.

பாதையோரம் பாறைச்சுவரை ஒட்டியே ஒரு வாய்க்கால் கூட வரும். ஃபலஜ் என்பார்கள். வழியெங்கும் சரிவை மட்டும் நம்பி ஓடுகிற தண்ணீர். அதை நேரக்கணக்கில் பங்கு பிரித்திருப்பார்கள். முறை முடிந்தவரின் மடையில் ஒரு கல்லை வைத்து, இடுக்கில் கந்தல்துணியைத் திணித்தால் போதும், தண்ணீர் அடுத்த தோட்டத்துக்குத் திரும்பிவிடும். கடிகாரம் வருமுன் பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து இந்த முறையை வைத்திருந்தார்கள். ஓமானின் ஐந்து ஃபலஜ்களை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு வியப்பே இல்லை. பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் அருவியைவிட அந்த வாய்க்கால்தான் பெரிய அதிசயம் என்று இன்றும் சொல்வேன். அம்மா தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள். மடையைக் கண்டதும் குனிந்து தொட்டுப் பார்ப்பாள். சாப்பிட்ட கையை மட்டும் அதில் கழுவ விடமாட்டாள். “அடுத்தவங்க தோட்டத்துக்குப் போற தண்ணி அது.”

மலைப்பக்கம் மேகம் திரண்டிருந்தால் அன்று நடை அத்தோடு சரி. எங்கோ மேலே பெய்கிற மழை இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக இறங்கிவிடும். வானம் தெளிந்திருந்தால் உருளைக்கற்கள் மேல் தாவித்தாவி குளங்களைச் சேர்வோம். அடிக்கல் தெரியும் பச்சைத் தண்ணீர். காலை வைத்தால் விரல்நீள மீன்கள் வந்து கொத்தும்.

அப்பா கரிசல்காட்டுக்காரர், நீச்சல் தெரியாது. துண்டுகளோடு கரையிலேயே இருப்பார். நானும் அம்மாவும் குளத்துக்குக் குளம் நீந்திப் போவோம். கடைசியில் பாறை முட்டும். நடுவே ஒரு விரிசல், தலை மட்டும் நுழைகிற அகலம். “பயப்படாத, சுவரைப் பிடிச்சிக்கிட்டே வா” என்று சுடிதாரோடு அம்மா முன்னே போவாள். இருபுறமும் ஈரப்பாறை கன்னத்தை உரசும். இரண்டு வளைவு தாண்டியதும் சட்டென்று விரியும் குகை. மேலே திறப்பு வழியாக வெயில் இறங்க, அதனூடே அருவி கொட்டும். பேசினால் கேட்காத இரைச்சல். ஊரில் ஆற்றங்கரைப் பெண்ணாக அவள் எப்படி இருந்திருப்பாள் என்பதை நான் பார்த்தது அங்கேதான். கூந்தல் அவிழ, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு அருவிக்கடியில் நிற்பாள். வெகுநேரமானதும் வெளியே போய் அப்பாவுக்குக் கையை ஆட்டிக் காட்டிவிட்டு, “இன்னொரு தடவை போவமா?” என்று என்னைப் பார்ப்பாள். நான் அதற்குள் திரும்பி நீந்தத் தொடங்கியிருப்பேன்.